கூடுவாஞ்சேரியில் பெரிய வீடா, மாம்பலத்தில் சின்ன வீடா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் 650 சதுர அடி வீட்டில் மாதம் 21,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறீர்கள். நீங்கள், உங்கள் கணவர், யூ.கே.ஜி. படிக்கும் மகள், 71 வயது மாமியார் என நான்கு பேர். கூடுவாஞ்சேரியில் 1,150 சதுர அடியில் ஒரு பிளாட் பிடித்துப்போயிருக்கிறது. வங்கிக் கடன் கிடைத்துவிடும், மாதத் தவணை 41,000 வரும். உங்கள் வேலை தி.நகரில், கணவருக்குக் கிண்டியில். "பெரிய வீட்டுக்குப் போனால் நிம்மதியாக இருப்போமா, இல்லை அலைச்சலிலேயே காலம் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு, பத்து வருடத்தில் விலை ஏறுமா என்ற கோணத்தில்தான் பெரும்பாலும் பதில் வரும். நீங்கள் கேட்டது அந்த வீட்டில் உங்கள் நாட்கள் எப்படிப் போகும் என்பதை. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் கட்டடக்கலை படித்தவன். முதல் பத்து வருடம் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் போட்டேன். அப்புறம் பதின்மூன்று வருடமாக, மக்கள் குடியேறிய பிறகு அந்த வீடுகளில் எப்படி வாழ்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலை. நான் மருத்துவனோ மனநல நிபுணனோ இல்லை. உறுதியாகத் தெரிந்ததையும், என் அனுபவத்தில் தோன்றுவதையும், ஆராய்ச்சியிலேயே இன்னும் முடிவாகாததையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

பயணத்தில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இருப்பதிலேயே அங்குதான் ஆதாரம் பலமாக இருக்கிறது. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைக் காட்சி காட்சியாக நினைவுகூர்ந்து, ஒவ்வொரு வேலையின்போதும் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். வீட்டு வேலை, அலுவலக வேலை எல்லாவற்றையும்விடக் கீழே வந்தது காலை நேரத்துப் பயணம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டுட்சர், ஃபிரே என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல வருடங்களாக ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கேட்டுவந்த கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். தூரமாகப் போய்வருகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ பெற்றிருக்க வேண்டும், அதனால் திருப்தி சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. சமமாக இல்லை. பயண நேரம் கூடக் கூடத் திருப்தி குறைந்தது. இதே கேள்வியைப் பிரிட்டனில் கேட்டபோது விடை இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கு 2011-இல் வந்த ஓர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நீண்ட பயணம் பெண்களின் மனநலத்தைப் பாதித்தது, ஆண்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. வீட்டுப் பொறுப்பின் பெரும்பங்கு பெண்கள் தலையில் இருப்பதே காரணமாக இருக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். ரயிலில் இருந்து இறங்கி நேராக அடுப்படிக்குள் நுழைகிற யாரும் இதை ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். இப்போது ஒரு வழிக்கு 25 நிமிடம், அங்கே போனால் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்குக் கூடுதலாக 130 நிமிடம். மாதம் 24 வேலை நாள் என்றால் 52 மணி நேரம். வருடத்துக்கு 624 மணி நேரம், அதாவது இரவு பகலாக முழுசாக 26 நாள். தவணைக் கணக்கு போட்ட அதே தாளில் இதையும் எழுதுங்கள். இன்னொன்று, வழக்கமாக ஆகும் நேரத்தைவிட என்றைக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாததுதான் மனிதரை அதிகம் அரிக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் அடிக்கடி ஓடுகிறது. தாம்பரத்துக்கு அப்பால், கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள் குறைவு. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வரும் மதியத்தில் இந்தத் தூரம் வேறு மாதிரித் தெரியும்.

அடுத்து, சதுர அடி. பயணம் பழகிப்போவதில்லை, அறைகள் பழகிப்போகின்றன. பதின்மூன்று வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். புது வீட்டுக்குப் போன முதல் ஆறு மாதம் எல்லோரும் மூன்றாவது அறையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்த அறையில் கொலுப்படி, பழைய மிக்ஸி அட்டைப்பெட்டி, மழைக்காலத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாம் இருக்கும். குடும்பம் முழுக்க ஹாலில் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அதற்காகச் சின்ன வீடே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நெருக்கடி உண்மையிலேயே கெடுதல் செய்யும் நிலை ஒன்று இருக்கிறது. படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குவது, கழிப்பறைக்கு வெளியே போவது, சுவரில் ஓதம் ஏறிக் குழந்தைக்கு ஓயாமல் சளி பிடிப்பது எல்லாம் அந்த வகை. ஈரச்சுவருக்கும் பூஞ்சைக்கும் மூச்சுக் கோளாறுக்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்போதைய வீட்டில் ஓதம் இருந்தால், வீட்டு ஓனர் சரிசெய்யவும் மறுத்தால், அங்கிருந்து கிளம்ப அதுவே போதுமான காரணம். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. "மாமியாருக்குத் தனி அறை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அகமதாபாத் கதை ஒன்று. இந்த விஷயத்தில் நம் நாட்டிலிருந்து கிடைத்த மிக அருமையான சான்று இது, இதை அறிந்தவர்கள் குறைவு. 1987-இல் அங்கே சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு, பீடி சுற்றுவது போன்ற வேலை செய்து குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த பெண்களுக்கு, நகரின் ஓரத்தில் நல்ல வீடுகள் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. குலுக்கல் என்பதால் ஆராய்ச்சிக்கு அது ஒரு வரம். வீடு கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் மற்றபடி ஒரே மாதிரியானவர்கள், அதிர்ஷ்டம் ஒன்றுதான் வித்தியாசம். பதினான்கு வருடம் கழித்து இரு சாராரையும் தேடிப் போய்க் கேட்டார்கள். வீடு கிடைத்தவர்களின் வீட்டு வசதி கூடியிருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் குடும்ப வருமானத்தில் மாற்றமில்லை, பிள்ளைகளின் நிலையிலும் மாற்றமில்லை. சொந்தபந்தங்களிலிருந்து விலகிப்போனதாகவும், அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்க ஆள் இல்லாமல் போனதாகவும் அவர்கள் சொன்னார்கள். வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடியேறவே இல்லை. இன்னும் 32 சதவீதம் பேர் போய்விட்டுப் பிற்பாடு வெளியேறிவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர், மலிவாகக் கிடைத்த நல்ல வீட்டை விட்டுவிட்டார்கள்.

சென்னையில் இதைப் பார்க்க கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் போனால் போதும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, நகரத்தின் நடுவிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்த குடும்பங்கள், சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். இப்படி ஒரு குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் நான் சந்தித்த அக்கா ஒருவர் மந்தைவெளியில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்தவர். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய்ப் பார்த்து, எட்டு மாதத்தில் இரண்டு வீடுகளை விட்டுவிட்டார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கழிப்பறையையும், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கடப்பா கல் மேடையையும் காட்டி, "குறையே சொல்ல முடியாது சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கதவைச் சாத்துனதே இல்ல. இங்க சாத்திட்டு உக்காந்திருக்கேன்" என்றார். அவர் புதிதாக வாங்கிய தாழ்ப்பாள் புத்தம்புதுசாக மின்னிக்கொண்டிருந்தது.

நீங்கள் அவரைப் போல வேறு வழியில்லாமல் போகவில்லை, உங்கள் கையில் தேர்வு இருக்கிறது. உங்கள் சம்பளமும் போய்விடாது. அந்த வித்தியாசம் மிகப் பெரியது, அதை மறைத்து ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் வீடு நன்றாகி, அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை அறுந்துபோவது என்பது வருமானம் பார்த்து வருவதில்லை. உங்கள் குடும்பத்தில் அது முதலில் தொடப்போவது உங்கள் மாமியாரை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வீடு பார்க்கப் போகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் பெரும்பாலும் கூடப் போவதே இல்லை. ஒரு வாரத்தில் விழித்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் உங்கள் மாமியார் அந்த வீட்டில் 90 மணி நேரமாவது இருப்பார். நீங்கள் 35 இருந்தால் அதிகம். இப்போது அவர் காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போது எதிர்வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார், சாயங்காலம் கோயிலுக்கு நடந்துபோகிறார், திரும்பி வரும்போது பூ வாங்குகிறார், மருந்துக் கடைக்காரருக்கு அவர் சுகர் மாத்திரையின் பெயர் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். இதில் எதுவும் வீட்டு விளம்பரத்தில் வராது. ஆனால் 71 வயதில் ஒருவருடைய கால் தசையையும், ஞாபகத்தையும், நான் இன்னும் ஒரு ஆள் என்ற நினைப்பையும் காப்பாற்றிக் கொடுப்பது இந்த நாலு தெரு நடைதான். வயதான காலத்தில் தனிமை உடல்நலத்தையே கெடுக்கிறது என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம். தனி அறை அவருக்குக் கிடைக்கும், நல்லதுதான். அந்த அறையில் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை அவர் யாருடன் பேசுவார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்காதீர்கள், உங்கள் கணவரைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். மருமகள் கேட்டால் "உங்க இஷ்டம்மா" என்றுதான் பதில் வரும்.

தெருவைப் பற்றியும் ஒன்று. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்புப் பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டி போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் ஊர்த் தெருக்களில் நடந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பிளாட்டா, உள்ளே தள்ளியா என்று நீங்கள் எழுதவில்லை. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், உள்தெருவில் இருந்தால் என் பதிலில் பாதி மென்மையாகிவிடும். ஷேர் ஆட்டோ பிடித்து, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும் என்றால், அந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்களை அதிகம் களைப்பாக்கப்போவது அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான்.

கட்டடத்தைப் பொறுத்தவரை சுருக்கமாக. மேல்தளம் என்றால் கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலை வாங்கி ராத்திரி உள்ளே விடும், தட்டோடு பதித்திருந்தாலும் ஏப்ரல், மே இரவுகளில் தெரியும். படுக்கையறைக்கு மேற்குச் சுவர் இருந்தாலும் இதே கதைதான். எதிரெதிர் இரண்டு பக்கம் ஜன்னல் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். நடுவில் ஓடும் நடைபாதைக்கு இருபுறமும் பிளாட்டுகள் இருக்கும் கட்டடங்களில் பல வீடுகளுக்கு அது அமைவதில்லை. ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தால் மனசுக்கு நல்லது என்று பலரும் சொல்வார்கள். அதற்கு எடுத்துக்காட்டப்படும் 1984-ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் ஆய்வு, பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 நோயாளிகளைப் பற்றியது. மரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலிமையான வலிமருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. அழகான ஆய்வு. ஆனால் அதை வைத்துக்கொண்டு 'கிரீன் வியூ' பிளாட்டுக்கு ஐந்து லட்சம் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

தண்ணீரில் மட்டும் சமரசமே வேண்டாம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அங்கெல்லாம் ஓடும் அடையாறு கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்து ஆதனூர் ஏரிப் பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி. அதற்கு நேர்மாறாக 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, அடுக்குமாடிகள் எல்லாம் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. வெள்ளம் வடிந்த பிறகும் ஒவ்வொரு கார்த்திகை மாதமும் மேகம் கறுக்கும்போது தூக்கம் போய்விடுகிறது என்று என்னிடம் சொன்ன குடும்பங்கள் பல. அந்தப் பயத்தோடு ஒரு வீட்டில் வாழ்வதற்கு எந்தச் சதுர அடியும் ஈடாகாது. வாட்ச்மேனிடமும் பக்கத்து டீக்கடையிலும் "2015-இல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். கையால் இடுப்பையோ முழங்காலையோ காட்டுவார்கள். எந்தப் பத்திரத்தைவிடவும் அதை நம்பலாம்.

சொந்த வீடு என்பதே மன நிம்மதி தருமா என்பது உறுதியாகாத விஷயங்களில் ஒன்று. சொந்த வீட்டில் இருப்பவர்கள் அதிகத் திருப்தியாக இருப்பதாகப் பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆனால் வீடு வாங்க முடிகிறவர்களுக்கு ஏற்கெனவே வருமானமும் நிலையான வேலையும் இருக்கும், அதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். "அடுத்த மாசம் காலி பண்ணுங்க" என்று ஓனர் சொல்லமாட்டார் என்ற நிம்மதி உண்மையானது. மாதா மாதம் 41,000 போன பிறகு கையில் என்ன நிற்கும், இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கவலையும் அதே அளவு உண்மையானது. குழந்தைக்கு இடம் முக்கியமா என்றால், முக்கியம்தான். அமெரிக்காவில் 1990-களில் ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல பகுதிகளுக்கு மாற உதவித்தொகை கொடுத்தபோது, 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனால் அவர்கள் விட்டுவந்தது வன்முறையும் கடும் வறுமையும் நிறைந்த குடியிருப்புகளை. மாம்பலத்தையும் கூடுவாஞ்சேரியையும் வைத்து அப்படி ஒரு கணக்குப் போட முடியாது. இரண்டுமே உங்கள் மகளுக்கு நல்ல ஊர்கள்தான்.

சரி, என் கருத்து. இருவர் வேலையும் இப்போது இருக்கும் இடத்தில் இருக்கும் வரை அந்தப் பிளாட்டை நான் வாங்கமாட்டேன். உங்கள் நிலையில் இருந்தால் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் 800, 850 சதுர அடியில் பத்துப் பதினைந்து வருடப் பழைய பிளாட் தேடுவேன். புதுப் பெயின்ட் வாசனை இருக்காது, ஆனால் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் என்பதால் வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், கடைத்தெருவும் கோயிலும் ஏற்கெனவே ஊன்றி நிற்கும். உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று எழுத்தில் கிடைத்தாலோ, கணவருக்குக் கூடுவாஞ்சேரியைத் தாண்டி மறைமலை நகர் பக்கம் வேலை மாறினாலோ, நான் சொன்னது அப்படியே தலைகீழாகும். அப்போது கூடுவாஞ்சேரி அருமையான இடம்.

அதற்கும் மனசு கேட்கவில்லை என்றால், அதே குடியிருப்பில் அல்லது பக்கத்தில் பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவும் முடியாது என்றால் ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஞாயிறு வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையே அங்கே போய்விட்டு, உங்கள் அலுவலகத்துக்கு நேரத்துக்கு வந்து சேருங்கள், மாலையில் அங்கேயே திரும்பிப் போங்கள். உங்கள் மாமியாரை மகளோடு மதியமே யாராவது அங்கே கூட்டிவந்து விடட்டும், கீழே இருக்கும் பெஞ்சில் உட்காரட்டும். நீங்கள் ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்கி அந்த வாசலுக்கு வரும்போது அவர் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கிறாரா, இல்லை நீங்கள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். அப்புறம் வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.